மார்கழியில்தான் சூரியன் பக்கத்தில்

ஜூலை பிறந்தால் போதும், ஒரு வாட்ஸ்அப் செய்தி தவறாமல் சுற்றுக்கு வந்துவிடும். 'அல்ஃபெலியன்' என்றொரு நிகழ்வு தொடங்கிவிட்டதாம். சூரியனுக்கும் நமக்கும் வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டராம், அது 15 கோடியே 20 லட்சமாகக் கூடிவிட்டதாம், 66 சதவீதம் அதிகமாம். ஆகஸ்ட் வரை குளிர் வாட்டும், சளி, இருமல், மூச்சுத்திணறல் வரும், ஜாக்கிரதை என்று முடியும். பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளி நிற்கும் நிலையைக் குறிக்கும் அஃபீலியன் என்ற சொல்லை யாரோ குதறியதில் பிறந்தது அந்தப் பெயர். 9 கோடி என்பது பொய். 9-லிருந்து 15.2-க்குப் போனால் உயர்வு 69 சதவீதம். பொய்யைக்கூட ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நிறைய. அவர்களிடமே 'கோடையில் ஏன் சுடுகிறது?' என்று கேளுங்கள். 'அப்போது சூரியன் பக்கத்தில் வருகிறது' என்பார்கள், பட்டம் வாங்கியவர்கள் உட்பட. அந்த ஃபார்வர்டை எழுதியவரும் இதையேதான் நம்புகிறார், கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவியிருக்கிறார், அவ்வளவே. என் சண்டை அந்தச் செய்தியோடு இல்லை. அதை முளைக்க விடுகிற இந்த நம்பிக்கையோடுதான்.

நம்பிக்கையை முதலில் அதற்குரிய மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். அது முட்டாள்தனமானதல்ல. அடுப்பை நெருங்கினால் சுடும், விலகினால் சுடாது என்பது எல்லோருக்கும் கைகண்ட அனுபவம். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதும் உண்மை. கெப்ளர் 1609-இல் நிறுவியது. ஆண்டுக்கு ஒருமுறை பூமி சூரியனுக்கு மிக அருகே வருகிறது, இன்னொருமுறை மிகத் தள்ளிப் போகிறது. தூரம் கூடக்கூட ஒளியின் செறிவு குறையும் என்பது இயற்பியல். ஆக, அருகே வரும்போது கோடை, விலகும்போது குளிர். கோவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அடிகூட நிற்காது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாட்காட்டி ஒத்துழைக்கவில்லை.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எந்த மாதம்? சித்திரையா, வைகாசியா? மார்கழி! ஜனவரி முதல் வாரத்தில் இருவருக்கும் இடையே சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஆண்டின் மிகக் குறைந்த தூரம் அதுதான். கோலம் போடுகிறவர்கள் விடியற்காலையில் தலையில் துணி சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருகிற அந்த நாட்களில், ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படிந்து கிடக்கிற அந்த நாட்களில்தான் சூரியன் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரம், 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். அப்போது டெல்லிக்காரர் போர்வை தேடுகிறாரா, ஏர்கூலர் தேடுகிறாரா?

இந்த ஒரு கேள்வியோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தப்பான நம்பிக்கைக்குச் சந்து பொந்துகள் அதிகம். மேலே போவோம்.

2. தூரம் எல்லோருக்கும் பொது. பருவம் அப்படி இல்லை.

2019 டிசம்பர் 30 அன்று டெல்லியில் பகல்நேர உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரி செல்சியஸ்தான். நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் பகலை அந்த நகரம் கண்டதில்லை. அதற்கு ஐந்து நாள் கழித்து, 2020 ஜனவரி 4 அன்று, சிட்னியின் மேற்கே இருக்கும் பென்ரித்தில் 48.9 டிகிரி. ஜனவரி 5 அன்று பூமி அந்த ஆண்டின் அண்மை நிலையை எட்டியது. ஒரே பூமி, ஒரே வாரம், ஒரே தூரம். ஓரிடத்தில் மக்கள் தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள், இன்னோரிடத்தில் தார்ச்சாலை உருகுகிற வெயில். தூரம்தான் காரணம் என்றால் இரண்டு நகரங்களும் ஒன்றாக வெந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றாக நடுங்கியிருக்க வேண்டும்.

பென்ரித்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, பக்கத்தில் வந்ததும் சுட்டது' என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். டெல்லியை எங்கே ஒளித்துவைப்பார்? உலகம் முழுவதற்குமான சராசரி வெப்பநிலையை எடுத்தாலும் அது ஜூலையில்தான் உச்சத்தில் இருக்கிறது, பூமி மிக விலகி நிற்கும்போது! நிலப்பரப்பில் பெரும்பகுதி வட அரைக்கோளத்தில் இருப்பதும், நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுவதும் காரணம்.

3. அளவைப் பாருங்கள்.

அண்மைக்கும் சேய்மைக்கும் வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். மொத்தத் தூரத்தில் அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இதனால் பூமிக்கு வந்துசேரும் ஒளியில் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய 7 சதவீதம். பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. வட அரைக்கோளத்தில் குளிரையும் வெயிலையும் அது ஒரு நூலளவு தணிக்கிறது. அதாவது, இருக்கிற சிறு விளைவும் இந்த நம்பிக்கைக்கு எதிர்த்திசையில்தான் வேலை செய்கிறது.

இங்கே பாடப்புத்தகப் படங்களை விட்டுவிட முடியாது. முட்டையை நசுக்கிய மாதிரி ஒரு நீள்வட்டம், நடுவிலோ ஓரத்திலோ சூரியன், நான்கு மூலையில் நான்கு பூமி. சாய்த்துப் பார்க்கும் கோணத்தில் வரைந்த படம் அது. மாணவருக்கு அது தெரியாது. பாதையே அப்படி நீண்டு கிடப்பதாக நினைத்துக்கொள்வார். உண்மை அளவில் வரைந்து பாருங்கள். காம்பஸை எடுத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பூமியின் பாதை அதிலிருந்து எவ்வளவு நசுங்கியிருக்கும்? ஒரு மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. சூரியனை மையத்திலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தால் சரி. அந்தத் தாளைப் பார்த்த எந்தப் பிள்ளையும் 'தூரத்தால் பருவம்' என்று எழுதாது.

1987-இல் அமெரிக்காவில் 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்றொரு ஆவணப்படம் வந்தது. ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் மாணவர், பேராசிரியர், முன்னாள் மாணவர் என்று 23 பேரிடம் எளிய வானியல் கேள்விகளைக் கேட்டார்கள். கோடை ஏன் என்பதும் அதில் ஒன்று. 21 பேர் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, ஒரு தயக்கமும் இல்லாமல். ஆகவே நம் ஊர் ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை.

4. 'சாய்வினால் வடபாதி சூரியனுக்கு நெருக்கமாகிறது' என்பதும் அதே பிழைதான்.

மேலே சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு பலர் ஒதுங்குகிற இடம் இது. 'ஆமாம், பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்கிறது. அதனால் நாம் சூரியனுக்குக் கிட்டே போகிறோம்.' சாய்வு என்ற சரியான சொல் வந்ததும் ஆசிரியர் மதிப்பெண் போட்டுவிடுகிறார். பதிலின் இரண்டாம் பாதியில் பழைய அடுப்பு அப்படியே எரிந்துகொண்டிருப்பதை அவர் கவனிப்பதில்லை. எனக்கு முழுப் பொய்யைவிட இந்த அரைத் திருத்தத்தின் மேல்தான் கோபம் அதிகம்.

பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர். எப்படிச் சாய்ந்தாலும் ஒரு பாதி இன்னொரு பாதியைவிட அதற்கு மேல் நெருங்க முடியாது. 15 கோடியில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 50 லட்சம் கிலோமீட்டர் நெருங்கியபோதே மார்கழியில் நமக்குச் சுடவில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் நெருங்கியா சுடப்போகிறது? பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஒவ்வொரு நாளும் காலை முதல் உச்சிவேளைக்குள் நாம் ஆறாயிரம் கிலோமீட்டர் வரை சூரியனை நெருங்கி, மாலைக்குள் மறுபடி விலகுகிறோம். யாரும் அதற்கு ஃபார்வர்ட் அனுப்புவதில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரம். சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அங்கே ஏன் ஸ்வெட்டர் விற்கிறார்கள்?

5. சாய்வு செய்வது இரண்டே காரியங்கள்.

வெயில் விழும் கோணத்தை மாற்றுகிறது, பகலின் நீளத்தை மாற்றுகிறது. பருவங்களின் ரகசியம் இந்த இரண்டில் முடிந்தது. அச்சு ஆண்டு முழுக்க ஒரே திசையைத்தான் நோக்கி நிற்கிறது. அது அங்குமிங்கும் ஆடுவதில்லை. பூமி சூரியனின் இந்தப் பக்கம் இருக்கும்போது வட அரைக்கோளம் வெயிலை நேராக வாங்குகிறது, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் சரிவாக வாங்குகிறது.

லண்டனை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப் பொழுதிலேயே சூரியன் தொடுவானத்துக்கு மேல் 15 டிகிரி உயரம்தான். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஒளிக்கற்றை அந்தச் சரிவில் வந்து தரையைத் தொட்டால் கிட்டத்தட்ட 3.9 சதுர மீட்டரில் பரவிவிடும். அதே கற்றை ஜூனில் 62 டிகிரி உயரத்திலிருந்து விழும்போது 1.1 சதுர மீட்டரைத்தான் நனைக்கிறது. ஒளி அதேதான், பங்கு போடுகிற பரப்புதான் வேறு. போதாததற்கு, சாய்வாக வரும் ஒளி காற்றுமண்டலத்தில் அதிக தூரம் பயணப்பட்டு வழியிலேயே கணிசமாகச் சிதறிப்போகிறது. அடுத்தது நேரம். ஜூனில் லண்டன் பகல் 16 மணி 38 நிமிடம். டிசம்பரில் 7 மணி 50 நிமிடம். கோணமும் நேரமும் கூட்டணி வைக்கும்போது என்ன ஆகிறது என்று கணக்குப் போடலாம். மேகத்தையும் காற்றையும் விட்டுவிட்டு, காற்றுமண்டலத்தின் உச்சியில் ஒரு நாளில் விழும் ஒளியை மட்டும் பார்த்தால், ஜூனில் 100 பங்கு கிடைக்கும் லண்டனுக்கு டிசம்பரில் 16 பங்குதான். டெல்லிக்கு 50. சென்னைக்கு 78. சூரியன் டிசம்பரில் பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் உபரியையும் சேர்த்த கணக்கு இது. அந்த 7 சதவீதத்தை வைத்துக்கொண்டு லண்டனின் இந்த 84 பங்கு பள்ளத்தை எப்படி நிரப்புவது?

சென்னையில் ஏன் குளிர்காலம் பெயருக்கு வந்துபோகிறது என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். டிசம்பரிலும் உச்சிச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சிங்கப்பூரில் பகல் எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரம். மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுக்க இரண்டு டிகிரி அளவில்தான் ஏறி இறங்குகிறது. தூரம்தான் பருவத்தைத் தீர்மானிக்கிறது என்றால் சிங்கப்பூரும் லண்டனும் ஒரே அளவு மாற வேண்டும்.

கோணம், நேரம் இரண்டில் ஒன்று மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு வட துருவம் பதில் சொல்லும். ஜூன் 21 அன்று அங்கே 24 மணி நேரமும் வெயில், ஆனால் சூரியன் 23.4 டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை. நாள் முழுவதையும் கூட்டினால், காற்றுமண்டல உச்சியில் துருவத்துக்கு விழும் ஒளி நிலநடுக்கோட்டுக்கு விழுவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்! பகலின் நீளம் அவ்வளவு பெரிய ஆள். அப்படியும் துருவம் சூடாவதில்லை. சரிவாக வரும் ஒளியில் ஒரு பங்கைக் காற்று தின்கிறது, வந்து சேர்ந்ததில் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது, மிச்சம் பனியை உருக்குவதில் செலவாகிறது.

6. நம் தரப்புக்கு எதிரான நல்ல கேள்வி ஒன்று உண்டு.

'கோணம்தான் எல்லாம் என்கிறீர்களே, சென்னையில் சூரியன் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். உச்ச வெயிலோ மே மாதம், கத்திரியில். ஆகஸ்டில் அந்த அளவு சுடுவதும் இல்லை. இது எப்படி?' நியாயமான கேள்வி. தூரக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால் அவர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கும்.

பதிலின் ஒரு பாதி தாமதம். உச்சி வெயில் 12 மணிக்கு, புழுக்கம் தாங்காதது 2 மணிக்கு மேல். வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை தரை சூடேறிக்கொண்டேதான் இருக்கும். மாதக் கணக்கிலும் அதே நடக்கிறது. ஏப்ரலில் நேராக விழுந்த வெயில் தரையைக் காய வைக்கிறது. மே மாதத்தில் சூரியன் சற்று வடக்கே போனாலும் கோணம் பெரிதாகக் குறைவதில்லை, பகலும் நீள்கிறது, காய்ந்த மண்ணில் ஆவியாக ஈரமும் இல்லை. மறு பாதி மழை. ஆகஸ்டில் சூரியன் திரும்பி வரும்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் குறுக்கே நிற்கின்றன, மாலையில் இடிமழையும் பெய்கிறது. அந்தப் பருவக்காற்றை இழுத்து வருவதிலும் வட இந்திய நிலப்பரப்பின் மேல் விழும் அதே நேர் வெயிலுக்குத்தான் முதல் பங்கு.

கத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. 'அக்னி நட்சத்திரத்தில் சூரியன் உச்சந்தலையில் நிற்கிறது' என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும்போதே சூரியன் தமிழ்நாட்டைத் தாண்டி விஜயவாடாப் பக்கம் போய்விடுகிறது. முடியும்போது நாக்பூரையும் கடந்திருக்கும். சென்னையில் வடக்குப் பார்த்த சுவர் உள்ளவர்கள் மே, ஜூன் நண்பகலில் கையை வைத்துப் பார்க்கலாம், வெயில் அந்தச் சுவரில்தான் விழும். பஞ்சாங்கம் கத்திரியை நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட்டால், பரணி மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணி முதல் பாதம் வரையிலான அதே நாட்களில் சூரியன் உச்சிக்கு வந்த இடங்கள் 8 முதல் 16 டிகிரி அட்சரேகை வரை. குமரி தொடங்கிச் சென்னை வரை மொத்தமும் அதற்குள் அடங்கும். கணக்கு அன்றைக்குப் பொருந்தியது, இன்றைக்கு நகர்ந்துவிட்டது.

7. தப்பாக நம்பினால் என்ன நஷ்டம்?

உண்டு. முதலாவது, ஒவ்வொரு ஜூலையிலும் சளிக்கும் இருமலுக்கும் வானத்தின் மேல் பழி போட்டு வயதானவர்களைப் பயமுறுத்துகிறோம். இரண்டாவது, மாடியில் சோலார் தகடு வைப்பவர் அதை ஏன் தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்து வைக்கிறார் என்று கேள்வி கேட்கக்கூட நமக்குத் தெரிவதில்லை. யாராவது தப்பாக வைத்துவிட்டுப் போனாலும் தெரியாது. மூன்றாவதுதான் பெரியது. 'வருஷா வருஷம் வெயில் ஏறுகிறதே' என்றால் 'பூமி சூரியனை நெருங்கிக்கொண்டிருக்கிறது' என்று பதில் வருகிறது. பூமி அப்படி நெருங்கவில்லை. புகைபோக்கியிலிருந்தும் வண்டிக் குழாயிலிருந்தும் வெளியேறும் கரியமில வாயுவைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் சூரியனைக் கை காட்டித் தப்பித்துக்கொள்ள இந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது.

தூரத்தால் பருவம் வரும் கிரகம் எதுவுமே இல்லையா என்றால், செவ்வாய் ஓரளவுக்கு அப்படி. அதன் பாதை நன்றாகவே நீண்டது; சூரியனிலிருந்து 20.7 கோடி கிலோமீட்டர் முதல் 24.9 கோடி கிலோமீட்டர் வரை போய்வருகிறது. அங்கே தென்பாதிக் கோடைக்குச் சூடு அதிகம், நாட்கள் குறைவு. அங்கும்கூடப் பருவத்தின் ஆணிவேர் 25 டிகிரிச் சாய்வுதான். தூரக் கொள்கையை விடவே முடியாதவர்கள் செவ்வாயில் பாதி வழக்கை ஜெயிக்கலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பருவங்கள் ஏற்படக் காரணம் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 'சாய்வு' என்று ஒற்றைச் சொல் எழுதித் தப்பிக்க அது வழிசெய்கிறது. பதிலாக, பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். சென்னையில் டிசம்பர் 22 அன்று பகல் 12 மணி 7 நிமிட வாக்கில் அதன் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 அன்று 12 மணி 11 நிமிட வாக்கில் தெற்கே 18 சென்டிமீட்டர். இரண்டையும் பிள்ளைகளே அளந்து, அந்தந்த நாளின் சூரிய உதய, அஸ்தமன நேரத்தைப் பக்கத்தில் எழுதட்டும். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.